எல்லா நீர்க்கட்டியும் ஒண்ணு இல்லைங்க

"நீர்க்கட்டி"ன்னு ஒரு சொல் நம்ம ஊர்ல படுற பாடு இருக்கே, அதைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதப் போறேன். பொம்பளைப் பிள்ளைகளுக்கு சினைப்பையில வர்றதும் நீர்க்கட்டி. வயசானவுகளுக்கு கிட்னியில ஸ்கேன்ல தெரியுறதும் நீர்க்கட்டி. மணிக்கட்டுல உருண்டையா நிக்கிறதும் நீர்க்கட்டி. கல்லீரல்லயோ நுரையீரல்லயோ ஒரு புழுவோட குஞ்சு பையைக் கட்டிக்கிட்டு வருசக்கணக்கா உயிரோட உக்காந்திருக்கே, அதுக்கும் அதே பேருதான். முதல் மூணும் வேற சங்கதி. நாலாவதுக்கு டாக்டர்மார் ஹைடேடிட் கட்டின்னு சொல்றாங்க. இந்த நாலையும் ஒரே சொல்லால கூப்பிடுறதாலயே ஆளுக உயிருக்கு ஆபத்து வருதுங்கிறது என்னோட கருத்து.

நான் டாக்டர் இல்லை. பள்ளிக்கூடப் படிப்போட நின்னவன். மூணு ஏக்கர் நிலமும் பத்து இருபது ஆடும் வச்சிருக்கேன். வீட்டுல ஒருத்தருக்கு இது வந்ததுனால கூடவே அலைஞ்சு, டாக்டர்கள்ட்டயும் எங்க கால்நடை மருந்தக டாக்டர்ட்டயும் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை எழுதுறேன். மருந்து மாத்திரைக்கு இந்தப் பதிவைப் பாக்காதீங்க, டாக்டரைப் பாருங்க.

முதல்ல இது எங்கிருந்து வருதுன்னு சொல்லணும். அது தெரியாமத்தான் டவுன்ல பாதிப் பேரு "மட்டன் தின்னா வரும்"னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. மட்டன் தின்னு இது வராது. ஆட்டு ஈரல்ல இருக்கிற கட்டியை மனுசன் அப்படியே தின்னாலும் அவன் வயித்துல இந்த நோய் வளராது. நடுவுல நாய் வரணும். நோய் கண்ட ஈரலையோ நுரையீரலையோ பச்சையா நாய் திங்குது. நாயோட குடல்ல அது நாடாப்புழுவா வளருது. நாடாப்புழுன்னதும் முழக்கணக்குல நினைக்காதீங்க. இது சில மில்லிமீட்டரே இருக்கிற பொடிப் புழு, மூணு நாலு கணுதான் இருக்கும். ஆனா ஒரு நாய்க்குள்ள ஆயிரக்கணக்குல இருக்கும். நாய்க்கு ஒரு தொந்தரவும் தெரியாது, நல்லா ஓடி ஆடித் திரியும். அதோட பீயில முட்டை வெளிய வரும். மண்ணுல, புல்லுல, கீரையில, தண்ணியில ஒட்டும், நாயோட முடியிலயும் ஒட்டும். ஆடு மேயுறப்ப அதோட வயித்துக்குப் போகும். நம்ம கை வழியா, சரியாக் கழுவாத கீரை வழியா நமக்குள்ள வரும். நாக்குல மட்டனே படாத சுத்த சைவக்காரருக்கும் இது வரும்.

உள்ள போன முட்டை குடல்ல பொரிஞ்சு ரத்தத்துல ஏறுது. குடல் ரத்தம் முதல்ல போய்ச் சேர்ற இடம் கல்லீரல். அதனாலதான் பத்துல ஏழு பேருக்குக் கல்லீரல்ல இருக்கு. அதைத் தாண்டினா அடுத்த சல்லடை நுரையீரல், பத்துல ரெண்டு பேருக்கு அங்க. அதையும் தாண்டுனது மண்ணீரல், கிட்னி, மூளை, எலும்பு, இதயம்னு எங்க வேணா போய் உக்காரும். மெதுவா வளரும். சின்ன வயசுல ஆட்டுக்குட்டியோடயும் நாய்க்குட்டியோடயும் விளையாடினப்ப உள்ள போனது, நாப்பது வயசுல ஸ்கேன்ல தெரியும்.

இந்தியாவுல இது ஆந்திராவுலயும் தமிழ்நாட்டுலயும்தான் அதிகம்னு மருத்துவக் கட்டுரைகள்ல எழுதியிருக்காங்க. எனக்கு அதுல ஆச்சரியமே இல்லை. மதுரையைச் சுத்தி திருமங்கலம், பேரையூர், கள்ளிக்குடின்னு எந்தப் பக்கம் போனாலும் செம்மறியைப் பாக்கலாம். அறுப்பு முடிஞ்ச வயல்ல கிடை போடுறாங்க. கிடையோட நாயும் வரும். ராத்திரி ஒரு ஆடு செத்தா என்ன நடக்குதுன்னு நினைக்கிறீங்க? கண்மாய்க்கரையில தூக்கிப் போட்டுட்டுப் போவாங்க. விடியுறதுக்குள்ள நாய்ங்க ஈரலை இழுத்துத் தின்னுரும்.

டவுன்ல இருந்து வர்றவங்க கிடாவெட்டைப் பாத்துட்டு "இதனாலதானே"ன்னு கேக்குறாங்க. பாண்டி கோயில்ல, குலதெய்வக் கோயில்ல வெட்டுறது பெரும்பாலும் ஒரு வயசு, ஒன்றரை வயசுக் கிடா. இந்தக் கட்டி வளர வருசம் ஆகும்ங்கிறதுனால இளங்கிடாவுல பெருசா இருக்காது. வம்பு எல்லாம் அஞ்சாறு ஈத்து ஈன்ற கிழட்டு ஆட்டுலதான், வயசான மாட்டுலயும் எருமையிலயும்தான். அதை அறுக்கிறது பெரும்பாலும் கோயில்ல இல்லை. டாக்டர் கண்ணுல படாம, ரோட்டோரப் புளிய மரத்தடியில ஞாயித்துக்கிழமை காலையில அறுக்கிறாங்க. அங்க பக்கத்துல உக்காந்திருக்கிற நாய்க்கு என்ன விழுதுன்னு அடுத்த தடவை கறி வாங்கப் போறப்ப கொஞ்சம் பாருங்க.

வெட்டுறவங்களுக்கு ஒரு அடையாளம் சொல்றேன். ஆட்டுக் குடல் கொழுப்புல மெல்லிசா, கண்ணாடி மாதிரி ஒரு தண்ணிப் பை தனியாத் தொங்கும். அது வேற ஒரு நாடாப்புழுவோடது, மனுசனை ஒண்ணும் பண்ணாது. நான் சொல்றது ஈரலுக்குள்ளயோ நுரையீரலுக்குள்ளயோ பதிஞ்சு, வெள்ளையா தடிச்ச சுவரோட இருக்கிறது. கத்தி பட்டா தண்ணி பீச்சி அடிக்கும். அந்தத் தண்ணியில பொடி மணல் மாதிரி மிதக்குறது மணல் இல்லை, ஒவ்வொண்ணும் ஒரு புழுத்தலை. எதுவா இருந்தாலும் ரெண்டையும் நாய்க்குப் போடக் கூடாது.

இப்ப ஆஸ்பத்திரிக் கதைக்கு வர்றேன். என் அண்ணன் சம்சாரம், எனக்கு மதினி. சின்னப் பிள்ளையில இருந்து ஆடு மேய்ச்சவங்க. வலது விலா எலும்புக்குக் கீழ பாரமா இருக்கு, ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சிருதுன்னு ஒரு வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கேஸ்னு மாத்திரை வாங்கித் தின்னாங்க. கடைசியில ஸ்கேன் எடுத்தா, கல்லீரல்ல ஒன்பது சென்டிமீட்டர்ல நீர்க்கட்டின்னு எழுதிக் குடுத்தாங்க. காட்டுன இடத்துல, "நாளைக்கு வாங்க, ஊசி போட்டு நீரை உறிஞ்சி விட்டுருவோம், அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்"னு சொன்னாங்க. மதினிக்கு சந்தோசம். "நீர்க்கட்டிதானாம் தம்பி, என் மகளுக்கும்தானே நீர்க்கட்டின்னு சொன்னாக, அதுபாட்டுக்குச் சரியாப் போச்சு"ன்னு என்கிட்டச் சொன்னாங்க.

அண்ணனுக்கு மனசு ஒப்பலை. மதுரையிலயே வேற ஒரு ஆஸ்பத்திரியில காட்டினோம். அங்க ஒரு சின்ன வயசு டாக்டரம்மா ஃபைலைத் தொறக்கிறதுக்கு முன்னாடியே கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அம்மா, வீட்டுல ஆடு, நாய் உண்டா?" உண்டுன்னதும் ஸ்கேனைத் திரும்ப அவங்க முன்னாடியே எடுக்கச் சொன்னாங்க. பெரிய கட்டிக்குள்ள தேன்கூடு மாதிரி குட்டிக் கட்டிகள். "இதுல சும்மா ஊசியை விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுமா?"ன்னு கேட்டாங்க.

என்ன ஆகும்னா, ரெண்டு விஷயம். ஒண்ணு, அந்தத் தண்ணி வயித்துக்குள்ள கசிஞ்சா உடம்பு அதை விஷமா எடுத்துக்கும். தடிப்பு தடிப்பா வீங்கி, மூச்சு அடைச்சு, பிரஷர் இறங்கி அந்த மேஜையிலயே ஆள் போனாலும் போகலாம். ரெண்டாவது, அந்த மணல்தலைகள் வயிறு பூராச் சிந்தி, ஒவ்வொண்ணும் ஒரு புதுக் கட்டியா முளைக்கும். வயல்ல கோரையைக் களைவெட்டியால வெட்டி விட்டா கிழங்கு துண்டு துண்டாகி வயல் பூராப் பரவுமே, அது மாதிரி.

அதுக்காக ஊசியே கூடாதுன்னு இல்லை. இதைத்தான் டவுன் ஆளுகளும் புரிஞ்சுக்கணும். ஊசி வழியாவே செய்யுற ஒரு முறை இருக்கு. 1980-கள்ல துனிசியாவுல ஆரம்பிச்சது, 'பேர்'னு சுருக்கமாச் சொல்றாங்க. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசியை விட்டு நீரை உறிஞ்சி, புழுவைக் கொல்ற கரைசலை உள்ள ஏத்தி, கால் மணி நேரம் வச்சிருந்து, திரும்ப உறிஞ்சுறது. அந்தக் கரைசல் அதிக உப்பு உள்ள தண்ணியாவோ ஆல்கஹாலாவோ இருக்கும். முன்னாடியும் பின்னாடியும் மாத்திரை குடுத்திருக்கணும். அலர்ஜி வந்தா சமாளிக்க ஆளும் மருந்தும் பக்கத்துலயே தயாரா நிக்கணும். கட்டிக்கும் பித்தக் குழாய்க்கும் தொடர்பு இருக்கான்னு பாக்காம அந்தக் கரைசலை ஏத்தினா பித்தக் குழாய் வெந்து போகும். எல்லாம் தெரிஞ்சு செய்யுறப்ப அது வைத்தியம். தெரியாமச் செஞ்சா, மதினிக்கு நடக்க இருந்ததுதான் நடக்கும்.

எந்தக் கட்டிக்கு எது என்கிறதை ஸ்கேன்தான் சொல்லுது. துனிசியா டாக்டர் கார்பியும் அவரோட இருந்தவங்களும் 1981-ல, ஸ்கேன்ல கட்டி எப்படித் தெரியுதுங்கிறதை வச்சு வகை பிரிச்சாங்க. அதுல இருந்து உலக சுகாதார நிறுவனம் அஞ்சு நிலையா வச்சிருக்கு. வெறும் தண்ணியா, ரெண்டு கோடு போட்ட சுவரோட இருந்தா இளசு. உள்ள குட்டி போட்டிருந்தா ரெண்டாம் நிலை. உள்சுவர் கழண்டு தண்ணியில அல்லி இலை மாதிரி மிதந்தா மூணாவது. உள்ள கெட்டியாயிட்டா நாலு, சுண்ணாம்பாச் சமைஞ்சிட்டா அஞ்சு. இளசுக்கும், இலை மிதக்குறதுக்கும் மாத்திரை அல்லது ஊசி முறை. குட்டி போட்டதுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன். நாலாவதும் அஞ்சாவதும் தொந்தரவு தரலைன்னா தொட வேண்டியதே இல்லை, வருசா வருசம் ஸ்கேன்ல பாத்தாப் போதும். இந்தக் கடைசி விஷயத்தை நான் அழுத்திச் சொல்லுவேன். செத்த கட்டியை வச்சுக்கிட்டுப் பயந்து ஆபரேஷனுக்கு அலையுறவங்க இருக்காங்க. உயிருள்ள கட்டியோட கசாயம் குடிச்சிக்கிட்டு இருக்கிறவங்களும் இருக்காங்க.

ரத்தப் பரிசோதனையும் உண்டு, எலைசான்னு எடுக்கிறாங்க. ஆனா அதுல இல்லைன்னு வந்துட்டா நோய் இல்லைன்னு அர்த்தம் இல்லை. நுரையீரல்லயோ மூளையிலயோ கட்டி உடையாம முழுசா இருந்தா ரத்தத்துக்குத் தெரியாமலே போயிரும். தோல்ல ஊசி குத்திப் பாக்குற பழைய கசோனி பரிசோதனையை இப்ப கைவிட்டுட்டாங்க. படத்தையும் ரத்தத்தையும், கூடவே "ஆடு, நாய் உண்டா"ங்கிற கேள்வியையும் சேத்துத்தான் பாக்கணும்.

இடத்துக்கு இடம் வைத்தியம் மாறுறது பெரிய வித்தை. நுரையீரல்ல இருந்தா எக்ஸ்ரேயில வட்டமாப் பந்து மாதிரி தெரியும். அதைப் பாத்துட்டு டிபின்னோ கேன்சர்னோ பதறுறாங்க. திடீர்னு ஒரு நாள் இருமல்ல உப்புக் கரிக்கிற தண்ணி வாய் நிறைய வந்து, கூடவே உரிச்ச திராட்சைத் தோல் மாதிரி ஏதாவது வந்தா, கட்டி உடைஞ்சிருச்சுன்னு அர்த்தம். அன்னைக்கே ஓடணும். நுரையீரல் கட்டியில ஊசி போடுற பேச்சே இல்லை. பெரிய கட்டியா இருந்தா ஆபரேஷனுக்கு முன்னால மாத்திரை கூடக் குடுக்க யோசிப்பாங்க, சுவர் இத்துப்போய் உடைஞ்சிரும்னு. கல்லீரலுக்கு முன்கூட்டியே குடுக்கிற அதே மாத்திரை நுரையீரலுக்கு ஆபத்தாகலாம். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பாத்து மருந்து வாங்குறவங்க இதைக் கவனிக்கணும்.

மூளையில வர்றது அபூர்வம், வந்தா பெரும்பாலும் பிள்ளைகளுக்கு. தலைவலி, வாந்தி, வலிப்பு, கை கால் பலம் குறையுறதுன்னு காட்டும். அதை எடுக்கிற விதத்தைக் கேட்டு நான் அசந்துட்டேன். கத்தி வச்சு நோண்டாம, கட்டிக்கும் மூளைக்கும் நடுவுல மெல்ல உப்புத் தண்ணியை விட்டு, தலையைச் சாய்ச்சு வச்சு, கட்டி தானா உருண்டு முழுசா வெளிய வர்ற மாதிரி செய்யுறாங்க. டவுலிங் முறைன்னு பேரு. கிட்னி, மண்ணீரல் எல்லாம் அந்தந்த உறுப்பைக் காப்பாத்த முடியுதான்னு பாத்து அறுக்கிறது. எலும்புலதான் கஷ்டம். அங்க கட்டி உருண்டையா நிக்காது, எலும்போட சந்து பொந்துல எல்லாம் வேர் விட்ட மாதிரி ஓடும். முதுகெலும்புல வந்தா கால் மரத்துப் போகும். எத்தனை தடவை சுரண்டினாலும் திரும்ப வர்றதுக்கு வாய்ப்பு அதிகம்.

மாத்திரைன்னு சொன்னேனே, அது வேற எதுவும் இல்லை, ஆல்பெண்டசோல். பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குக் குடற்புழு நீக்க நாள்ல ஒண்ணு குடுக்கிறாங்களே, அதேதான். "அதைத்தான் என் பேரன் வருசா வருசம் போடுறானே, அவனுக்கு வராதுல்ல?"ன்னு எங்க ஊர்ல ஒரு பெரியவர் கேட்டார். ஒரு மாத்திரை குடல்ல இருக்கிற புழுவுக்கு. கல்லீரல் கட்டிக்கு ரெண்டு வேளை, மாசக்கணக்குல, மூணு மாசம் ஆறு மாசம்னு போகும். கொழுப்பு சேந்த சாப்பாட்டோட போட்டாத்தான் ரத்தத்துல ஏறும். நடுநடுவுல ரத்தம் எடுத்து ஈரல் தாங்குதா, வெள்ளை அணு குறையுதான்னு பாக்கணும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. மருந்துக் கடையில கேட்டு வாங்கித் தானாப் போடுற மாத்திரை இல்லை இது. மதினிக்கு மாத்திரை குடுத்து, பிறகு ஆபரேஷன் செஞ்சாங்க. உப்புத் தண்ணியில நனைச்ச துணியைச் சுத்தி அணை கட்டின மாதிரி அடுக்கி வச்சு, ஒரு சொட்டும் சிந்தாம எடுத்தாங்களாம். இப்ப நல்லா இருக்காங்க. ஆனாலும் வருசக்கணக்குல ஸ்கேன் பாத்துக்கிட்டே இருக்கணும்.

இவ்வளவு வித்தையும், செலவும், பயமும் ஒரு ஈரல் துண்டை நாய்க்குப் போடாம இருந்தா தேவையே இல்லைங்கிறதுதான் எனக்குத் தாங்க முடியலை. ஐஸ்லாந்துல ஒரு காலத்துல இது ஊரையே வாட்டுச்சு. கிராபேன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1863-ல டென்மார்க்குல இருந்து அங்க போய் ஆராய்ஞ்சு, நாய்க்கு ஆட்டுக் கழிவைப் போடாதீங்கன்னு அந்த ஊர் பாஷையில சின்னப் புத்தகம் எழுதி வீடு வீடாக் குடுக்க வச்சார். படிக்கத் தெரிஞ்ச ஜனம், படிச்சுது, செஞ்சுது. அங்க இருந்து நோயே போயிருச்சு. ஆடு நிறைய வளக்குற நியூசிலாந்து 1959-ல சட்டம் போட்டு, நாய்களுக்கு மருந்து குடுத்து, 2002-ல நோய் இல்லாத நாடுன்னு அறிவிச்சுக்கிட்டாங்க. ஆபரேஷன் தியேட்டரைக் கூட்டி அவங்க ஜெயிக்கலை, நாயோட வாயைக் கட்டி ஜெயிச்சாங்க.

நம்ம ஊர்ல நாயைப் பத்திப் பட்டிமன்றம் ஓயலை. கருத்தடை பண்ணணுமா, அடைக்கணுமா, ரேபிஸ் ஊசி போட்டாச்சான்னு பேசுறோம். குடற்புழு மருந்தைப் பத்தி ஒரு ஆள் வாயைத் திறக்கலை. கறிக்கடைக் கழிவை அள்ளிட்டுப் போய்ப் புதைக்க ஒரு ஏற்பாடு இருந்தா இதுல பாதி முடிஞ்சிரும். பஞ்சாயத்துத் தேர்தல்ல ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட ரோட்டுக்கும் லைட்டுக்கும் சேத்து இதையும் கேக்கணும். நீங்க டவுன்ல கறி வாங்குற கடையில நீங்களும் கேளுங்க. கேக்குற ஆள் வாடிக்கையாளரா இருந்தா கடைக்காரர் காது நல்லாக் கேக்கும்.

நாய் வளக்குறவங்க, அது ராஜபாளையமா இருந்தாலும் லாப்ரடாரா இருந்தாலும், பூச்சி மருந்து குடுக்கிறப்ப அதுல பிராசிகுவாண்டெல் இருக்கான்னு அட்டையைப் பாருங்க. அது இல்லாத மருந்து உருண்டைப் புழுவைத்தான் கொல்லும், இந்தப் புழுவை ஒண்ணும் செய்யாது. பச்சை ஈரல் கிடைக்குற இடத்துல திரியுற நாயா இருந்தா ஆறு வாரத்துக்கு ஒருக்கா குடுக்கச் சொல்றாங்க, ஏன்னா நாய்க்குள்ள போன புழு முட்டை போட ஆரம்பிக்க அவ்வளவு நாள்தான் ஆகும். மருந்து குடுத்த பிறகு ரெண்டு நாள் கட்டிப் போட்டு, பீயை அள்ளி எரிக்கணும் இல்லை ஆழமாப் புதைக்கணும். ஈரலைக் குடுத்தே ஆகணும்னா முக்கால் மணி நேரம் நல்லாக் கொதிக்க வச்சுக் குடுங்க. செத்த ஆட்டைப் புதைக்கிறப்ப நாய் தோண்ட முடியாத ஆழத்துக்குக் குழி எடுத்து, மேல கருவேல முள்ளைப் போட்டு மூடுறோம்.

மாத்திரையைச் சோத்துல வச்சா எங்க நாய் சோத்தை மட்டும் தின்னுட்டு மாத்திரையைத் துப்பிரும். கருவாட்டுத் தலைக்குள்ள சொருகிக் குடுத்தா மறுபேச்சு இல்லாம முழுங்கிரும்.